அனிலீன் சாயமும் தொழிலாளர் உடல்நலமும்

ஆடைக்கு நிறம் ஏற்றும் கலையில் நம் நாடு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. தென்னார்க்காட்டிலும் கடப்பையிலும் விளைந்த அவுரியிலிருந்து நீலமும், இராமநாதபுரம் கடற்கரை மணலில் தோண்டியெடுத்த சாயவேரிலிருந்து செந்நிறமும் கிடைத்தன. அவ்வண்ணங்கள் ஏறிய துணிகள் கடல் கடந்து பல நாடுகளுக்குச் சென்றன. அக்காலச் சாயத் தொழிலில் துன்பமே இல்லை என்று நாம் சொல்லிவிட முடியாது. வங்காளத்து உழவர் 1859-இல் அவுரித் தோட்ட முதலாளிகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்ததும், 1917-இல் காந்தியடிகள் சம்பாரணுக்குச் சென்றதும் நாடறிந்த செய்திகள். ஆயினும் அது நிலத்தையும் குத்தகையையும் பற்றிய துன்பம். கண்ணுக்குத் தெரிந்த துன்பம். இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. தொழிலாளியின் தோல் வழியாகவும் மூச்சின் வழியாகவும் ஓசையின்றி உட்புகுந்து, பதினைந்து இருபது ஆண்டுகள் கழிந்தபின் தலைகாட்டும் ஒரு நோயின் வரலாறு அது.

அனிலீன் என்னும் பெயரிலிருந்தே தொடங்குவோம். 1826-ஆம் ஆண்டில் உன்வெர்டோர்பென் என்ற ஜெர்மானியர் அவுரி நீலத்தைச் சூடேற்றி வடித்தபோது எண்ணெய் போன்ற ஒரு நீர்மத்தைக் கண்டார். 1834-இல் ரூங்கே என்பவர் நிலக்கரித் தாரிலிருந்து அத்தகைய நீர்மம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். பின்னர் ஃபிரிட்ஷே என்பவர் மீண்டும் அவுரியிலிருந்தே அதைப் பெற்று, அனிலீன் என்று பெயரிட்டார். போர்த்துக்கேசிய மொழியில் அவுரிக்கு அனில் என்று பெயர். அச்சொல் அரபு மொழியிலிருந்தும், அரபுச் சொல் வடமொழியின் நீலத்திலிருந்தும் வந்தவை. ஆகவே நம் நாட்டு நீலமே பல மொழிகளின் வழியே உருமாறி, ஓர் இரசாயனப் பொருளின் பெயராக நின்றது எனலாம். 1842-இல் சீனின் என்ற ருஷ்ய விஞ்ஞானி நைட்ரோபென்சீனிலிருந்து அதைச் செய்துகாட்டினார். 1843-இல் ஹோஃப்மன் என்ற அறிஞர், வெவ்வேறு பெயர்களில் வழங்கிய இவை அனைத்தும் ஒரே பொருளே என்று நிறுவினார்.

அந்த ஹோஃப்மன் பின்னர் இலண்டன் மாநகரின் அரச இரசாயனக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார். அவரிடம் பயின்ற வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது இளைஞர், 1856-இல் ஈஸ்டர் விடுமுறையின்போது தம் வீட்டிலேயே ஓர் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய குவினைனைச் செயற்கையாகச் செய்வதே அவர் நோக்கம். குவினைன் கிடைக்கவில்லை. கறுப்பாகப் படிந்த கசடு மட்டுமே எஞ்சியது. அதைச் சாராயத்தில் கரைத்தபோது அழகிய ஊதா நிறம் தோன்றிற்று. அந்நிறம் பட்டுத் துணியில் ஏறி நிலைத்து நின்றது. மறு ஆண்டே அவர் தம் தந்தையோடும் தமையனோடும் சேர்ந்து கிரீன்ஃபோர்டு என்ற ஊரில் சாயத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். அதுவரை கழிவாகக் கருதப்பட்ட நிலக்கரித் தார் அன்று முதல் பெருஞ்செல்வம் ஆயிற்று.

அதன்பின் சாயங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகின. 1859-இல் பிரான்சு நாட்டில் மஜெந்தா என்ற செஞ்சாயம் பிறந்தது. அதற்கு ஃபுக்சின் என்றும் பெயர். 1884-இல் ஜெர்மனியில் காங்கோ சிவப்பு என்ற சாயம் கண்டுபிடிக்கப்பட்டது. முன்பெல்லாம் பருத்தித் துணியில் சாயம் பிடிக்க வேண்டுமானால் படிகாரம் போன்ற நிறப்பிடிப்பு ஒன்று துணை நிற்கவேண்டும். காங்கோ சிவப்போ அத்துணையின்றி நேராகவே பருத்தியில் ஏறிற்று. பென்சிடின் என்ற பொருளே அச்சாயத்திற்கு அடிப்படை. செலவும் குறைவு, உழைப்பும் குறைவு. ஆகையால் பென்சிடின் சாயங்கள் உலகெங்கும் பரவின. 1897-இல் செயற்கை நீலம் ஜெர்மனியிலிருந்து சந்தைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள் நம் நாட்டு அவுரி வாணிகம் நிலைகுலைந்தது. இது நாம் பள்ளிக்கூடத்தில் படித்த வரலாறு. இச்சாயங்களைக் கையாண்ட மனிதருக்கு என்ன நேர்ந்தது என்பதே நாம் படிக்காத வரலாறு.

அனிலீன், டொலுயிடின், பென்சிடின், பீட்டா நாப்தைலமின் முதலியவை அனைத்தும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை. பென்சீன் போன்ற கரிய அணு வளையத்தோடு, நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த அமின் தொகுதி ஒன்று பிணைந்திருப்பதே இவற்றின் பொது இயல்பு. இவற்றை நறுமண அமின்கள் என்று இரசாயன நூலார் கூறுவர். நறுமணம் என்ற சொல்லைக் கேட்டுச் சந்தனமோ மல்லிகையோ என எண்ணிவிடலாகாது. பழைய இரசாயன நூலார் வைத்த வகைப் பெயரே அது. வாசனையை நம்பி இப்பொருள்களின் குணத்தை அளவிட முடியாது.

அனிலீனின் முதல் தீங்கு விரைவில் புலப்பட்டது. அது தோலின் வழியே எளிதில் உடலுக்குள் இறங்கும். சட்டையில் சிந்திய அனிலீனைக் கழுவாமல் விட்டாலும் போதும். இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினை அது மாற்றிவிடுகிறது. மாறிய ஹீமோகுளோபின் பிராணவாயுவைச் சுமக்க இயலாது. அதனால் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். தலைவலியும் மயக்கமும் தோன்றும். அளவு மிகுந்தால் உயிருக்கே ஆபத்து. நீலத்திலிருந்து பெயர் பெற்ற பொருள் மனிதரையும் நீலமாக்கிற்று. எனினும் இலேசாகத் தாக்குண்டவர்களைத் திறந்த காற்றில் கிடத்தி, உடைமாற்றிக் கழுவிவிட்டால், பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளிவர். தெளிந்தவர் வேலைக்குத் திரும்புவர். இவ்வாறு வந்து மறையும் மயக்கத்தைக் கண்டு பழகியவர்கள், இத்தொழிலின் தீங்கு அவ்வளவே என்று எண்ணியிருந்தனர்.

அவ்வெண்ணத்தை மாற்றியவர் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரத்து அறுவை வைத்தியராகிய லுட்விக் ரேன். காயம்பட்ட மனித இதயத்தைத் தைத்து நோயாளியைப் பிழைக்கவைத்த முதல் வைத்தியர் என்று 1896-இல் புகழ்பெற்றவர் அவரே. அதற்கு முந்தைய ஆண்டாகிய 1895-இல், அறுவை வைத்தியர் மாநாட்டில் அவர் ஒரு செய்தியை வெளியிட்டார். ஃபுக்சின் சாயம் செய்யும் வேலையில் இருந்த 45 தொழிலாளரில் மூவருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி தோன்றியிருக்கக் கண்டதாக அவர் கூறினார். சிறுநீர்ப்பைக் கட்டி பொதுமக்களிடையே அவ்வளவு எளிதாகக் காணப்படும் நோய் அன்று. மூவரும் ஒரே வேலையைப் பல ஆண்டுகள் செய்தவர்கள். எனவே வேலைக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டென்று அவர் துணிந்தார். அவர் ஐயுற்ற பொருள் அனிலீன் ஆவி. அதனால் அந்நோய்க்கு அனிலீன் புற்று என்ற பெயர் வழங்கலாயிற்று.

ரேன் சொன்னதை அனைவரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. மூன்று பேரைக் கொண்டு ஒரு தொழிலையே குறை கூறலாமா என்ற வினா எழுந்தது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, ஜெர்மனியின் பிற சாய நகரங்களிலிருந்தும் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்தும் அதே நோயைப் பற்றிய செய்திகள் வந்தன. 1919-இல் அமைக்கப்பட்ட சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம், 1921-இல் இப்பொருள் பற்றித் தனி அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அனிலீனைக் காட்டிலும் பென்சிடினும் பீட்டா நாப்தைலமினுமே பெரிதும் ஐயத்திற்குரியவை என்பதை அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. தொழிலிடத்தைத் தூய்மையாக வைத்தல், புகையையும் தூசியையும் வெளியேற்றுதல் முதலிய காப்பு முறைகளும் அக்காலத்திலேயே பேசப்பட்டன. இந்த 1921 என்ற ஆண்டை நாம் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்வரும் ஆண்டுகளை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான், அறிவுக்கும் செயலுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்தது என்பது விளங்கும்.

முதல் உலகப் போரின்போது ஜெர்மன் சாயங்களின் வரவு நின்றது. அமெரிக்காவும் பிரிட்டனும் தாமே சாயம் செய்யத் தலைப்பட்டன. ஜெர்மனியின் தொழில் அந்நாடுகளுக்குச் சென்றபோது ஜெர்மனியின் நோயும் உடன் சென்றது. 1930-களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்துச் சாயத் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைக் கட்டிகள் காணப்பட்டன. அந்நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய வில்லெம் ஹியூப்பர் என்ற நோயியல் அறிஞர், பீட்டா நாப்தைலமினை நாய்களுக்குக் கொடுத்துச் சோதித்தார். அதற்கு முன் எலிகளையும் முயல்களையும் கொண்டு செய்த சோதனைகள் தெளிவான விடை தரவில்லை. நாய்களுக்கோ மனிதருக்கு வந்த அதே நோய் சிறுநீர்ப்பையில் வந்தது. 1938-இல் இம்முடிவு வெளியாயிற்று. அதற்குள் ஹியூப்பர் அந்நிறுவனத்தை விட்டு நீக்கப்பட்டிருந்தார்.

ஹியூப்பர் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்பில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. தொழிற்சாலையைப் பார்வையிட அவர் சென்றபோது, பீட்டா நாப்தைலமின் செய்யும் கட்டடம் பளிச்சென்று தூய்மையாக இருந்ததாம். மேற்பார்வையாளரிடம் அதைப் பாராட்டிச் சொன்னபோது, அவர் வருகைக்காகவே முந்தைய இரவு முழுவதும் துடைத்து வைத்ததாகத் தெரியவந்ததாம். முன்னறிவிப்பு இல்லாமல் உடனே பென்சிடின் கட்டடத்திற்குச் சென்று பார்த்தால், அங்கே தரையிலும் சாளரங்களிலும் வெண்பொடி படிந்திருந்ததாம். தொழிற்சாலைப் பார்வை என்பதன் உண்மைப் பயனை அறிய விரும்புவோர் எந்நாட்டிலும் எக்காலத்திலும் எண்ணிப் பார்க்க வேண்டிய நிகழ்ச்சி இது.

தோல் வழியாகவும் மூச்சின் வழியாகவும் புகும் நஞ்சு, நுரையீரலையும் தோலையும் விட்டுச் சிறுநீர்ப்பையைத் தாக்குவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம். அமின் உடலுக்குள் சென்றதும், ஈரல் அதை மாற்றி வெளியேற்ற முயல்கிறது. மாற்றப்பட்ட பொருள் இரத்தத்தின் வழியாகச் சிறுநீரகத்தை அடைந்து, சிறுநீரோடு சிறுநீர்ப்பையில் வந்து தங்குகிறது. புளிப்புத் தன்மை மிகுந்த சிறுநீரில் அப்பொருள் மீண்டும் உடைந்து, தீங்கான வடிவம் பெற்று, பையின் உட்சுவரிலுள்ள உயிரணுக்களைத் தாக்குகிறது. அவ்வணுக்களின் மரபுப் பொருளில் ஏற்படும் காயமே பல ஆண்டுகளுக்குப்பின் புற்றாக வளர்கிறது. உடலைக் காக்க ஈரல் செய்யும் வேலையே இங்கே ஆபத்திற்கு வழிகோலுகிறது. நம் அகமதாபாத் நகரில் பென்சிடினும் பென்சிடின் சாயமும் செய்த தொழிலாளரிடம் நடத்தி 1996-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியும், சிறுநீர்ப்பை அணுக்களில் இக்காயம் படிந்திருப்பதை நேராகவே காட்டியது.

பிரிட்டனில் இரண்டாம் உலகப் போருக்குப்பின் ராபர்ட் கேஸ் என்ற ஆராய்ச்சியாளர் இப்பிரச்சினையை வேறு வழியில் அணுகினார். சாயத் தொழிற்சாலைகளின் பழைய வேலைப் பதிவேடுகளை ஒருபுறமும் இறப்புப் பதிவுகளை மறுபுறமும் வைத்துக்கொண்டு, பெயர் பெயராக ஒப்பிட்டார். பொதுமக்களிடையே எத்தனை பேர் இந்நோயால் இறப்பர் என்ற கணக்கையும் உடன் வைத்தார். 1954-இல் வெளியான அவர் முடிவு ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. பென்சிடினும் பீட்டா நாப்தைலமினும் நோய்க்குக் காரணம். அவற்றுள்ளும் பீட்டா நாப்தைலமின் மிகக் கொடியது. அதை வடித்தெடுக்கும் வேலையில் இருந்த ஒரு குழுவினர் அனைவருக்குமே நோய் வந்திருந்தது. அனிலீன் மட்டும் கையாண்டோரிடம் அத்தகைய சான்று கிட்டவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளுக்கும் நோய் தெரிந்த நாளுக்கும் இடையே பெரும்பாலும் பதினைந்து இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. வேலையை விட்டு வேறு ஊர் சென்றவரையும் நோய் விடவில்லை. இரப்பர் தொழிலாளரிடையேயும் இந்நோய் மிகுந்திருப்பது அவ்வாராய்ச்சியின் வழியே வெளிப்பட்டது; இரப்பர் கெடாமலிருக்கச் சேர்த்த ஒரு பொருளில் பீட்டா நாப்தைலமின் கலந்திருந்ததே காரணம்.

பிரிட்டனில் 1949-இல் பீட்டா நாப்தைலமின் உற்பத்தி கைவிடப்பட்டது. 1953-இல் இந்நோய் ஈட்டுத்தொகைக்குரிய தொழில் நோயாக அங்கீகரிக்கப்பட்டது. 1967-இல் பீட்டா நாப்தைலமின், பென்சிடின் முதலியவற்றைச் சட்டமே விலக்கிற்று. ரேன் மாநாட்டில் பேசிய ஆண்டு 1895. சட்டம் வந்த ஆண்டு 1967. இடையில் கழிந்தவை 72 ஆண்டுகள். ஒரு தலைமுறைத் தொழிலாளர் வேலைக்குச் சேர்ந்து, மூத்து, நோயுற்று மறைந்தபின், அடுத்த தலைமுறையும் அதே வாயிலில் நுழைந்தது என்பதே இக்கணக்கின் பொருள்.

விடுதலைக்குப்பின் நம் நாட்டில் சாயத் தொழில் வேகமாக வளர்ந்தது. குஜராத்தில் அகமதாபாத்தின் வட்வா முதல் அங்கலேஷ்வர், வாபி வரையிலும், மகாராஷ்டிரத்தில் பம்பாயைச் சுற்றியும் ஆலைகள் பெருகின. மேனாடுகள் பென்சிடினைக் கைவிட்ட பின்னரும் அது நம் நாட்டில் உற்பத்தியாகி வந்தது. 1993-இல் மத்திய அரசாங்கம் பென்சிடினை அடிப்படையாகக் கொண்ட 42 சாயங்களைக் கையாளுவதற்குத் தடை விதித்தது. 1994-இல் ஜெர்மனி, தீங்கான அமின்களாகச் சிதையக்கூடிய அசோ சாயங்கள் ஏறிய ஆடைகளை விலக்கியது. திருப்பூரிலும் கரூரிலும் ஏற்றுமதியாளர் தம் சாயங்களைச் சோதித்து மாற்ற நேர்ந்தது. 1997-இல் நம் அரசாங்கம் மேலும் 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. ஆடையை உடுப்பவர் மேனியில் படும் அளவு மிகச் சிறிது. அதையே சட்டம் கருத்தில் கொள்ளும்போது, பொடியை மண்வெட்டியால் அள்ளிப் பீப்பாயில் நிரப்பியவர் மீது படிந்த அளவை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இங்கே நம்மவர்க்கு நேரடியாகப் பொருந்தும் ஒன்றைச் சொல்லுதல் கடமை. பிழைப்புத் தேடிப் பிற மாநிலங்களுக்குச் செல்வது தமிழருக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோல் பதனிடும் தொழிலை நம்பிச் சென்றவர்கள் தாராவியில் குடியேறினர். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளரில் பெரும்பான்மையோர் அறிந்த மொழியிலும் இருக்கவேண்டும் என்று விதித்தது. நல்ல விதிதான். ஆயினும் பெரும்பான்மையோர் மொழியையும் ஆங்கிலத்தையும் அறியாத சிறுபான்மைத் தொழிலாளிக்கு அந்தப் பலகை வெறும் பலகையே. குஜராத்தி எழுத்தில் எழுதிய எச்சரிக்கை, திருநெல்வேலியிலிருந்து சென்றவருக்கு என்ன சொல்லும்? சொல்லை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டுசெல்வதைச் சிலர் ஏட்டளவான வேலை என்று கருதுவர். பீப்பாயின் மேல் ஒட்டிய ஒரு வரியைப் படிக்க முடிந்ததா இல்லையா என்பது ஒரு குடும்பத்தின் வாழ்வையே மாற்றிவிடும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

போபால் துயரத்திற்குப்பின், 1987-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. தாம் கையாளும் பொருளால் நேரக்கூடிய தீங்கை அறியும் உரிமையும், தம் உடல்நலப் பதிவேட்டைப் பார்க்கும் உரிமையும் தொழிலாளருக்கு அதனால் கிடைத்தன. தொழிலால் வரும் புற்று, வைத்தியர் அரசாங்கத்திற்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. 2020-இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது. சட்டத்தின் பெயர் எதுவாயினும், கேட்பவர் இருந்தால்தான் உரிமைக்கு உயிர் உண்டு.

ஆகவே சாயம், தோல், இரப்பர், இரசாயனம் ஆகிய தொழில்களில் இருப்பவரும் முன்பு இருந்தவரும் சிலவற்றை மனத்தில் கொள்வது நலம். வேலை உடுப்பை வீட்டிற்குக் கொண்டுவருதல் கூடாது. கைகழுவாமல் உண்ணலாகாது. கையில் படிந்த கறையை அகற்ற வேறோர் இரசாயனத்தைத் தேய்ப்பது தீங்கை இரட்டிப்பாக்கும். புகையிலைப் புகையிலும் இதே அமின்கள் சில உள்ளன; ஆகையால் புகைப்பவருக்கு ஆபத்து மேலும் கூடுகிறது. வலியே இல்லாமல் சிறுநீரில் இரத்தம் கண்டால், ஒரே முறை கண்டு நின்றுவிட்டாலும், அதைச் சூடு என்று தள்ளிவிடலாகாது. வைத்தியரிடம் செல்லும்போது இன்றைய வேலையைச் சொன்னால் போதாது. இருபது ஆண்டுக்கு முன் எந்த ஊரில், எந்த ஆலையில், எந்தப் பொருளைக் கையாண்டோம் என்பதையும் சொல்லவேண்டும். தொடக்கத்திலேயே கண்டால் இந்நோய்க்கு வைத்தியம் உண்டு.

இவையெல்லாம் முடிந்துபோன கதை என்று எண்ணுவோர் உண்டு. தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் ஜப்பானில், 2015-ஆம் ஆண்டின் இறுதியில், ஃபுகுயி மாவட்டத்து இரசாயன ஆலை ஒன்றில் ஆர்த்தோ டொலுயிடின் கையாண்ட தொழிலாளர் பலருக்குச் சிறுநீர்ப்பைப் புற்று தோன்றியிருப்பது வெளியாயிற்று. அதுவும் நாம் மேலே கண்ட குடும்பத்தைச் சேர்ந்த பொருளே. அனிலீனையும், மனிதருக்குப் புற்று விளைவிக்கக் கூடியது என்று கருதத்தக்க பொருள்களின் வரிசையில், உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்று ஆராய்ச்சி நிறுவனம் இப்போது வைத்துள்ளது.

சாயம் வாழ்க்கைக்கு அழகு தருவது. அத்தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு தருவது. அதை வெறுக்க வேண்டியதில்லை. துணியில் நிறம் நிற்க வேண்டும்; அதைச் செய்தவர் உடலில் நஞ்சு நிற்கலாகாது. மூன்று நோயாளிகளைக் கண்டு ஃபிராங்ஃபர்ட் வைத்தியர் எழுப்பிய வினாவுக்கு உலகம் விடை சொல்ல 72 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. இனி அத்தகைய வினா எழுமானால், அதற்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. கையில் எடுக்கும் பொருளின் பெயர் என்ன, அதனால் தீங்கு என்ன என்று நம் மொழியிலேயே கேட்டு அறிந்துகொள்வோம். அருகில் நிற்பவருக்கும் அதைச் சொல்வோம்.